எழும்பாமல் நடித்த வேஷம்

போன மாதம் ஹோம்புஷில் ஒரு மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளின் நாடக ஒத்திகை நடந்தது. பார்க்கப் போயிருந்தேன். இடைவேளையில் ஒருத்தி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். நடிப்புப் படிக்கிற பிள்ளை.

"அன்ரி, இப்ப ஒடிஷனுக்கு நேரை போகத் தேவையில்லை. வீட்டை இருந்து போனில வீடியோ எடுத்து அனுப்பினாச் சரி."

"அப்ப ஆர் உங்களைப் பாக்கிறது?"

"அவை பிறகு பாப்பினம்."

"நீங்கள் அவையைப் பாக்கிறேல்லையோ?"

அவள் சிரித்துவிட்டு, "உங்களை எப்பிடி அன்ரி நாடகத்துக்கு எடுத்தவை?" என்று கேட்டாள்.

"என்னைக் கதிரையில இருத்திப் பாத்து எடுத்தவை" என்றேன்.

மற்றவர்களும் சுற்றி வந்து இருந்துவிட்டார்கள். முழுவதும் சொல்வதற்குள் ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுதித் தாருங்கோ என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அதைவிட ஆறுதலாக எழுதுவேன். இங்கிலீஷில் என் பெயரும் கடைப் பலகைகளும் வாசிப்பேன், கதைக்கக் கொஞ்சம் பழகிக்கொண்டேன். நடிப்புக்கு அது காணும். சிட்னியில் வெள்ளைக்காரர் நாடகத்தில் சம்பளம் வாங்கி நடித்த முதல் தமிழ்ப் பொம்பிளை நான்தான் என்று சொல்கிறார்கள். எனக்கு முன் ஒருத்தி இருந்தால் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம் பெண் வேஷத்துக்குப் பெண்ணே வரலாம் என்று ஆக்கியவளும் நான்தான். அதற்கு முன் செல்லத்துரை என்று ஒரு மனிதர் மீசை மழித்துச் சேலை கட்டி நடித்தார். முதல் நாள் ஒத்திகையில் அவர் என்னைப் பார்த்து, "பிள்ளை, நீ பொம்பிளை மாதிரியே நடக்கிறாயில்லை. என்னைப் பாத்து நட" என்றார். பார்த்து நடந்தேன். பிறகு என் நடையைக் கண்டு பிடித்துப்போய்த்தான் என் புருஷன் பெண் கேட்டு வந்தார். உண்மையில் அவருக்குப் பிடித்தது செல்லத்துரையின் நடை. சொந்தக்காரர் சிலர் கலியாணவீடுகளுக்குச் சொல்வதை நிறுத்தினார்கள். நாடகக்காரி என்றால் அப்போது அப்படித்தான். நாட்டில் சண்டை வந்தது, வெளியே போன புருஷன் திரும்பி வரவில்லை, மகள் வதனியோடு நான் சிட்னிக்கு வந்தேன். பரமட்டாவுக்குக் கிட்ட ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களோடு மண்டபத்து நாடகம். பயிற்சி என்று என்னிடம் இருந்தது இவ்வளவும்தான்.

ரூத் என்கிற இயக்குனர் அப்படியான ஒரு மண்டபத்து நாடகத்துக்குத்தான் வந்திருந்தார். வதனி பரமட்டாவில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை செய்தாள்; அங்கே வேலை செய்த ஒருவர் கூட்டிவந்தவர். நரைத்த முடியை ஆண்பிள்ளை போலக் கத்தரித்த, மெல்லிய உடம்புக்காரி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நான் அதில் மாமியாராக நடித்தேன். நாடகம் முடிந்ததும் உடுப்பு மாற்றுகிற அறைக்கு வந்து, வதனியை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்.

"மற்றவர்கள் பேசும்போது நீங்கள் அசையவே இல்லை. ஏன்?"

"அவை கதைக்கேக்க சனம் அவையைப் பாக்கவேணும்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை கூப்பிட்டு அனுப்பினார். வெறும் அறை, ஒரு கதிரை. "இதில் இருங்கள். உங்களைக் கூட்டிப்போக ஒருவர் வரவேண்டும். அவர் வரவில்லை" என்றார். இருந்தேன். என் புருஷனுக்காக முன்பு காத்திருந்தது போலவே இருந்தேன். அதற்கு நடிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. பிறகு ரூத் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எப்போதிலிருந்து வரலாம் என்று கேட்டார்.

நாடகம் ஹன்னா என்கிற ஒரு பழைய அமெரிக்க நடிகையைப் பற்றியது. ரூத் எழுதியது. அந்தக் காலத்தில் அங்கே மேடைக்கு வந்த பல பெண்களின் கதைகளைச் சேர்த்து ஒரு ஹன்னாவாக்கியிருந்தார். எண்ணெய் விளக்கு வைத்து நாடகம் போட்ட காலம். தகப்பன் தோற்றுப்போன நடிகர். பசிக்குப் பிள்ளையை மேடையில் ஏற்றுகிறார். பாதிரிமார் கோயிலில் நின்று நாடகக்காரிகளைத் திட்டுகிறார்கள். ஊர் ஊராக வண்டியிலும் ஆற்றுப் படகிலும் போனால், நடிகை என்றதும் தங்க அறை கொடுக்க மாட்டார்கள். அப்படியும் அவள் பெரிய ஆளாகிறாள். இளவரசன் வேஷம்கூடக் கட்டுகிறாள். வதனி இதையெல்லாம் எனக்குத் தமிழில் சொன்னபோது, "உது எங்கட கதையெல்லோ, அமெரிக்காவுக்கு எப்பிடிப் போனது?" என்று கேட்டேன்.

சின்ன ஹன்னா, இளம் ஹன்னா, கிழட்டு ஹன்னா என்று மூன்று பேர். கிழட்டு ஹன்னா நான். இளம் ஹன்னாவாக லெய்லா என்கிற லெபனான்காரப் பிள்ளை. யாழ்ப்பாணத்து நாக்கோடு ஒரு அமெரிக்கக் கிழவியா என்று சிலர் கேட்டார்கள். ரூத் அதற்குப் பதிலே சொல்வதில்லை. அவர் பதில் சொல்வது குறைவு. யாரையும் புகழ மாட்டார், ஏசவும் மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிழையென்றால் "மறுபடி" என்பார். சரியென்றால் அடுத்த இடத்துக்குப் போவார். மன்னிப்புக் கேட்டால் மட்டும் கோபம் வரும். "மன்னிப்பு நேரத்தைத் தின்கிறது" என்பார்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன். வதனி என் வசனங்களைப் போனில் பேசிப் பதிந்து தந்தாள். வேலைக்குப் போகும் ரயிலில் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினேன். ஒத்திகையில் பேசிக் காட்டினேன். ரூத் கண்ணைத் திறந்தார்.

"இது ஹன்னா இல்லை. பரமட்டாக் கந்தோரில் லீவு கேட்கிற பிள்ளை."

வதனியின் குரலையும் சேர்த்துப் பாடமாக்கியிருந்தேன். லெய்லா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு ரூத்தே எங்கள் லிட்கம் வீட்டுக்கு வரத் தொடங்கினார். குசினிக் கதிரையில் இருந்து வெங்காயம் உரிப்பார். நான் சமைப்பேன். அவர் எனக்கு முன்னால் வருகிற ஆளின் கடைசிச் சொல்லைச் சொல்வார், நான் என் வசனத்தைச் சொல்வேன். கருத்துச் சொல்லித் தரமாட்டார். "படியில் ஏறுவது யார்?", "நீங்கள் யாரை எதிர்பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்பார். எல்லாவற்றையும் என் சொல்லாகச் சொல்லும் வரைக்கும் வெங்காயம் உரிந்துகொண்டே இருந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லாக் கறியிலும் வெங்காயம் கூட.

கடைசிக் காட்சி முழுவதும் என்னுடையது. ஹன்னாவுக்கு வயது போய்விட்டது. மாடியில் ஒரு வாடகை அறை. அந்தக் காலத்து வழக்கப்படி, முதிர்ந்த நடிகைக்காக ஒரு நாள் நாடகம் போட்டு, அவளை மேடைக்கு அழைத்து மரியாதை செய்வார்களாம். பழைய கம்பனிக்காரர் வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொப்பியும் கையுறையும் போட்டு, கதிரையில் ஆயத்தமாக இருக்கிறாள். படியில் காலடிச் சத்தம் கேட்கும். நிமிர்வாள். சத்தம் வேறு கதவுக்குப் போகும். "எனக்கில்லை" என்பாள். மறுபடி சத்தம். மறுபடி "எனக்கில்லை." மூன்றாம் தரமும் அதைச் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றுவாள். விளக்கு அணையும். ஒருவரும் வரவில்லை என்பதுதான் நாடகத்தின் முடிவு.

ஹன்னாவின் கால்கள் செத்துப்போனவை. ரூத் அதில் மிகவும் கண்டிப்பு. "மேடையில் தீப்பிடித்தால் நாங்கள் வந்து தூக்குவோம். நீங்கள் எழும்பக் கூடாது" என்றார். ஒத்திகை அறைக்குள் நான் நடக்கவே விடமாட்டார். தேத்தண்ணி நேரத்திலும் என்னைக் கதிரையோடு தூக்கிப்போனார்கள். லெய்லா மூச்சு வாங்கிக்கொண்டு, "பவளம், நாளைக்குச் சோறு கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டு வாங்கள்" என்பாள். படிச் சத்தம் போடுவதும் அவள்தான். மேடைக்குப் பின்னால் மூன்று மரப்படி வைத்திருந்தார்கள். சப்பாத்தோடு ஏறி இறங்குவாள்.

நாடகம் சிட்னியில் சரிவந்தால் மெல்பேர்னில் ஒரு பெரிய அரங்கத்தில் போட ஒப்பந்தம். ஆனால் அந்த அரங்கத்தார் கிழட்டு ஹன்னாவுக்குப் பெயர்பெற்ற ஒரு இங்கிலீஷ் நடிகையைக் கேட்டார்கள். வாசிக்கத் தெரியாத கிழவி வசனத்தை மறந்தால் யார் பொறுப்பு என்றார்களாம். ரூத் இதை என்னிடம் ஒளிக்கவில்லை. "முதல் சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு அவர்கள் ஆள் வருகிறார். பார்த்துவிட்டு முடிவு சொல்வார்" என்றார். ஆஸ்பத்திரிக் குசினியை விட்டு நான் முழு நேரம் நடிகையாவதா இல்லையா என்பது அந்த ஒரு பகலில் இருந்தது. அதுவரைக்கும் என் வயதில் இப்படி ஒன்றை ஆசைப்பட்டதாக எனக்கே தெரியாது.

பகல் காட்சி என்றபடியால் எங்கள் முதியோர் சங்கம் ஒரு பஸ் பிடித்து வந்துவிட்டது. தலைவர் சதாசிவம் அண்ணை முன்வரிசையில். எங்கள் சமூகத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் பொன்னாடை போர்த்துகிறவர் அவர்தான். மடியில் ஒரு பை வைத்திருந்ததை நான் மேடையிலிருந்து கண்டேன். அது சாப்பாட்டுப் பை என்று நினைத்தேன்.

நாடகம் நன்றாகப் போனது. லெய்லா இளவரசனாக வாள் வீசியபோது எங்கள் ஆட்கள்தான் முதலில் கைதட்டினார்கள். கடைசிக் காட்சி வந்தது. முதல் காலடி. "எனக்கில்லை." இரண்டாவது காலடி. "எனக்கில்லை." அதன் பிறகு ஒரு நீண்ட மௌனம், அதில் நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த மௌனத்தில் சதாசிவம் அண்ணை எழும்பினார்.

எங்கள் மண்டபங்களில் இது பிழையில்லை. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மேடைக்கு ஏறி, நடிகருக்கு மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். ராசா வேஷக்காரர் அழுகிற அழுகையை நிறுத்திவிட்டு மாலையை வாங்கிக் கும்பிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து அழுவார். சனமும் பொறுத்திருக்கும். அந்த அரங்கத்தில் உயர்ந்த மேடையும் இல்லை. முன்வரிசைக்கு முன்னால் அதே நிலம்தான். அண்ணை விளக்கு விழுகிற கோட்டுக்கு வந்து நின்று, குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோயிலுக்குள் வருவது போலக் காலுறையோடு நடந்து வந்தார். பையிலிருந்து எடுத்த பொன்னாடையின் சரிகை விளக்கில் மின்னியது.

மெல்பேர்ன்காரர் எங்கே இருக்கிறார் என்று தேடக்கூட ஏலாது, ஹன்னாவின் கண் கதவில் இருக்கவேண்டும்.

அண்ணை கிட்ட வந்து, மெல்லிய குரலில், "பிள்ளை, எழும்பு" என்றார்.

பொன்னாடை போர்த்தும்போது எழும்பி நின்று, குனிந்து வாங்கி, கும்பிடவேண்டும். வயதில் மூத்தவர் வந்து நிற்க இருந்தபடி இருப்பது எங்கள் ஆட்களுக்குள் பெரிய அவமரியாதை. பஸ் நிறைய வந்த சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எழும்பினால் ஹன்னா முடிந்தாள். செத்த காலோடு இருந்த கிழவி எழும்பி நின்றால் சிரிப்புத்தான் வரும். என் முழங்கால் ஒரு தரம் எழும்பப் பார்த்தது. அதை நான் உணர்ந்தேன். சின்ன வயதிலிருந்து பழகிய முழங்கால்.

அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். ஹன்னா பார்ப்பது போலத்தான் பார்த்தேன். தமிழில் சொன்னேன்.

"என்ர கால் ஏலாது. இருந்தபடியே போடுங்கோ."

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்தார். அவருக்கும் முதுகு வளையாத வயது. இரண்டு கையாலும் என் தோளைச் சுற்றிப் பொன்னாடையைப் போர்த்தி, முன்னால் இழுத்துச் சரிசெய்தார், குளிருக்குப் போர்த்துவது போல. கும்பிட்டார். நான் கையுறைக் கையோடு கும்பிட்டேன். அவர் திரும்பிப் போய், சப்பாத்தைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு தன் இடத்தில் இருந்தார். யாரும் இருமவில்லை.

பின்னால் நின்ற லெய்லாவுக்கு இது ஒன்றும் தெரியாது. தன் நேரத்துக்குச் சரியாக மூன்றாம் தரம் படியேறினாள். டக், டக் என்று சத்தம் வந்தது. நான் நிமிர்ந்தேன். "எனக்கில்லை" என்று சொல்ல வாய் திறந்தேன். தோளில் பொன்னாடை கிடக்கிறது. சொல் வரவில்லை. அதுவரைக்கும் ஒத்திகையில் ஒரு சொல்லையும் நான் மாற்றியதில்லை. மாற்றினால் அடுத்தது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் அடுத்தது ஒன்றும் இல்லை, அதுதான் கடைசி வசனம்.

"அது வேறு யாருக்கோ" என்று இங்கிலீஷில் சொன்னேன். கையுறையைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது.

இருட்டுக்குள் நன்றாக நேரம் போனபிறகுதான் கைதட்டல் வந்தது.

சனம் வெளியே போனபின் ரூத் வந்து எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். குறிப்புச் சொல்கிறபோது அவர் எப்போதும் அப்படித்தான், நடிகரைவிடத் தாழ இருப்பார். பென்சில் கையில்.

"அவர் என்ன சொன்னார்?"

"எழும்பச் சொன்னார்."

"நீங்கள்?"

"கால் ஏலாது என்றேன்."

"என் கடைசி வசனத்தை மாற்றினீர்கள்."

"ஆள் வந்த பிறகு எனக்கில்லை என்று எப்படிச் சொல்வது? பொய்யாகிவிடும்."

பென்சில் கடதாசியில் நின்றது. ஒன்றும் எழுதவில்லை. "நாளைக்கு எழுதியிருக்கிறபடி" என்றார். மெல்பேர்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழும்பி வெளியே போனார். நானும் உடுப்பு மாற்றி, பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

வெளி மண்டபத்தில் எங்கள் பஸ் சனம் நின்றது. ஒரு மாமி எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "வெள்ளைக்காரரோட நடிக்கத் தொடங்கினவுடன ஆக்கள் எழும்பவும் மாட்டினம் போல."

வதனி வாயைத் திறக்க, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ரூத் ஒரு பக்கத்தில் நின்றார். அவரோடு கழுத்தில் சால்வை சுற்றிய உயரமான மனிதர். அவர்தான் மெல்பேர்ன் ஆள். சதாசிவம் அண்ணை சுவரோடு போட்டிருந்த நீள வாங்கில் இருந்தபடி சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போனேன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எழும்பியிருந்தா நாடகம் குழம்பியிருக்கும்."

அவர் கயிற்றை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒருத்தரும் கதைக்காத நேரமாப் பாத்துத்தான் பிள்ளை வந்தனான். இடைஞ்சல் இல்லாமல் போட்டுட்டுப் போவம் எண்டு. ஆனா கிட்ட வந்து உன்ர முகத்தைப் பாத்தாப்பிறகுதான் விளங்கினது, அது நீ இல்லை எண்டு."

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"உனக்கெண்டு கொண்டந்த பொன்னாடை. நீ அங்கை இருந்தாத்தானே உனக்குப் போடுறது. அந்த மனுசி கால் ஏலாமல் காத்துக்கொண்டிருந்தவ. வந்த நான் திரும்பிப் போகேலுமோ? அவவுக்குத்தான் போத்திப்போட்டு வந்தனான்." பிறகு மாமியின் பக்கம் திரும்பி, "எழும்பியிருந்தா நான்தான் வெக்கப்பட்டிருப்பன்" என்றார்.

மாமி தன் கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினார்.

ரூத் வதனியிடம் வந்து, அந்த முதியவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். வதனி சொன்னாள். ரூத் அவளை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அண்ணையை ஒரு தரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெல்பேர்ன்காரரிடம் திரும்பி அதையே தன் இங்கிலீஷில் சொன்னார். நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சால்வைக்காரர் சிரிக்கவில்லை. அந்த முதியவரை ஒவ்வொரு நாளும் வந்து போர்த்தச் சொல்லலாமா என்று கேட்டார்.

"முடியாது" என்றார் ரூத். "நாடகத்தில் ஒருவரும் வருவதில்லை. எழுதியிருக்கிறபடிதான் நடக்கும். ஆனால் இந்தக் கதிரையில் இவர்தான் இருப்பார்."

சால்வைக்காரர் தலையாட்டினார். "சரி, இவர்தான்" என்றார். எனக்குக் கை தந்தார். ரூத் புகழவில்லை. என் பொன்னாடையின் முந்தி நிலத்தில் இழுபட்டதைக் கண்டு, எடுத்து என் கையில் தந்துவிட்டு, நாளைக்கு நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம்?"

"மெல்பேர்னுக்கு என்னைத்தான் கொண்டு போகினமாம், அண்ணை."

"அங்கையும் எங்கட சனம் நிறைய இருக்கெல்லே" என்றார் அவர், போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தபடி. "பொறு, இப்பவே அவைக்கு எடுத்துச் சொல்லுறன். விளக்கு முழுக்கப் போட்டாப்பிறகுதான் கதிரையை விட்டு எழும்பவேணும் எண்டு."

சொல்லித்தான் விட்டிருக்கிறார். மெல்பேர்னில் முதல் நாள், மூன்றாம் காலடிக்கும் "எனக்கில்லை" என்று சொல்லிக் கையுறையைக் கழற்றினேன். ஒருவரும் வரவில்லை. உடுப்பு மாற்றி வெளி மண்டபத்துக்குப் போனபோது, பொன்னாடைகளைக் கையில் மடித்துப் பிடித்தபடி எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் நின்றுகொண்டே வாங்கினேன்.